வீட்டுப் பட்டறைக்கு ஆர்கானும் சிஓடூவும்: சிலிண்டர் வாங்குவது முதல் நிரப்புவது வரை

வெல்டிங் மெஷின் வாங்கிய சூடு ஆறுவதற்குள் சிலிண்டரைத் தேடிப் புறப்பட்டுவிடுவது புதியவர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம். நானும் அப்படித்தான் புறப்பட்டேன். வடசென்னையில் ஒரு பழைய இரும்புக் கடையில், மயில்நீல வண்ணம் ஆங்காங்கே உரிந்து நின்றுகொண்டிருந்த ஓர் ஆர்கான் சிலிண்டரைப் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிவிட்ட மிதப்பில், அதை மீன்பாடி வண்டியில் ஏற்றி நேராக வாயு நிரப்பும் இடத்துக்கே கொண்டுபோனேன். அங்கிருந்த ஊழியர் சிலிண்டரைச் சற்றுச் சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டியபடியே வெளிச்சத்துக்கு நகர்த்தி, கழுத்துக்குக் கீழே இருந்த தோள்பட்டைப் பகுதியை உப்புத்தாளால் தேய்த்தார். வண்ணத்துக்கு அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. கடைசியாகச் சோதனை செய்த ஆண்டு 2008. வரிசை எண் இருக்கவேண்டிய இடத்தில் கிரைண்டர் ஓடிய தழும்பு மட்டும் இருந்தது. "இத எங்கயும் ஃபில் பண்ண மாட்டாங்க சார், திருப்பி ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். போக ஒரு வாடகை, வர ஒரு வாடகை என்று வண்டிக்காரருக்கு மட்டும் அன்று நல்ல வியாபாரம்.

அந்தச் சிலிண்டர் இன்னும் எங்கள் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. அது கற்றுக்கொடுத்த வரிசை இதுதான்: முதலில் வாயு நிரப்பித் தருகிறவர் யார் என்று முடிவு செய்யுங்கள், அவர் எந்தச் சிலிண்டரை ஏற்றுக்கொள்வார் என்று கேளுங்கள், அதற்குப் பிறகு சிலிண்டருக்குப் பணம் கொடுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் மற்ற எல்லாமே இந்த வரிசைக்குள் அடங்குபவை.

எந்த வாயு, எந்த வேலைக்கு

வீட்டில் "கேஸ் சிலிண்டர் வரப்போகிறது" என்று சொன்னவுடன் பயப்படுவார்கள். சமையல் எரிவாயு தீப்பிடிக்கும்; ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும், அதாவது சிஓடூவும், தீப்பிடிப்பவை அல்ல. உருகிய உலோகத்தைச் சுற்றியுள்ள காற்றை விலக்கி, அதிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உலோகக் குழம்பில் கலந்து பற்றில், அதாவது வெல்டிங் ஒட்டில், ஓட்டைகளை உண்டாக்காமல் தடுப்பதே இவற்றின் வேலை. அதனால்தான் இவற்றைக் காப்பு வாயு என்கிறோம். இவற்றுக்கென்று தனியான ஆபத்துகள் உண்டு, அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

நம் ஊர்ப் பட்டறைகளில் வாயுவின் பெயரே வேலைக்கும் பெயராகிவிட்டது. கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங்கை "சிஓடூ வெல்டிங்" என்றும், டங்ஸ்டன் முனையிலிருந்து ஆர்க் எனும் மின்பொறி எழும் டிக் வெல்டிங்கை "ஆர்கான் வெல்டிங்" என்றும்தான் சொல்வார்கள். கடையில் பேசும்போது இந்தப் பெயர்களே எளிதில் புரியும் என்றாலும், ஒரு குழப்பத்துக்கும் இதுவே காரணம்: மிக் மெஷினில் சிஓடூதான் போடவேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

ஜன்னல் கிரில், கேட், மேசைக்கால், மாடித்தோட்டத்துக்கான ஸ்டாண்ட் போன்ற எம்.எஸ். (சாதாரண இரும்பு) வேலைகளை மிக் மெஷினில் செய்ய நினைப்பவருக்குச் சுத்தமான சிஓடூவே போதும். அது விலை குறைந்தது, ஆழமாக இறங்கும், எங்கும் கிடைக்கும். பொறி அதிகமாகத் தெறிக்கும், பற்றுக்கு அருகில் ஒட்டிக்கொள்ளும் உருண்டைகளை உளியால் தட்டிவிட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் கனத் தகடு, கார் பாடி போன்ற மெல்லிய வேலைகளுக்கு ஆர்கானுடன் 18 முதல் 25 சதவீதம் வரை சிஓடூ கலந்த கலவை வாயுவில் ஆர்க் நிதானமாகவும் தூய்மையாகவும் எரியும். கடையில் "மிக்ஸ் கேஸ்" என்று கேட்டால் தெரியும், ஆனால் எந்த விகிதம் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். டிக் வெல்டிங்குக்கு, உலோகம் எதுவானாலும், சுத்தமான ஆர்கான்தான். அதில் சிஓடூ கலந்தால் டங்ஸ்டன் முனை சில நொடிகளில் கருகிவிடும். அலுமினியத்தை மிக்கில் பற்றவைத்தாலும் சுத்தமான ஆர்கான்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மிக்கில் பற்றவைப்பவர்கள் 2 சதவீதம் சிஓடூ அல்லது ஆக்சிஜன் கலந்த ஆர்கானைப் பயன்படுத்துவார்கள். அது புதியவருக்கு முதல் ஆண்டில் தேவைப்படாது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் மொட்டைமாடியில் திறந்த வெளியில், ஒரு கேட் கீலையோ சைக்கிள் ஸ்டாண்டையோ ஒட்டவைப்பதுதான் உங்கள் தேவை என்றால், சிலிண்டரே வேண்டாம். 6013 ராடு போட்டுப் பற்றவைக்கும் சாதாரண ஆர்க் மெஷினுக்குக் காப்பு வாயு தேவையில்லை, ராடின் மேல்பூச்சே அந்த வேலையைச் செய்துவிடும். சிலிண்டர் என்பது வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடும் பொருள் அல்ல. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதனை, ஒவ்வொரு முறையும் சுமந்து செல்லும் வேலை, வைக்க ஓர் இடம் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு பெரியது வேண்டும்

ஆர்கானும் கலவை வாயுவும் சிலிண்டருக்குள் வாயுவாகவே அழுத்தி வைக்கப்படுகின்றன. முழுதாக நிரப்பிய சிலிண்டரின் மீட்டர் 150 கிலோ காட்டும் என்று கடைக்காரர் சொல்வது எடையை அல்ல. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ என்ற அழுத்தத்தை, அதாவது ஏறத்தாழ 150 பாரை. ஆகவே கணக்கு மிக எளிது: சிலிண்டருக்குள் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்குமோ அதை 150ஆல் பெருக்கினால், அதிலிருந்து வெளிவரும் வாயுவின் அளவு கிடைத்துவிடும். பட்டறைகளில் ஆளுயரத்துக்கு நெருக்கமாக நிற்கும் பெரிய சிலிண்டரின் கொள்ளளவு 46.7 லிட்டர், அதில் 7,000 லிட்டர், அதாவது 7 கன மீட்டர் ஆர்கான் இருக்கும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய சிலிண்டரில் 1,500 லிட்டர் இருக்கும்.

சிஓடூவின் கணக்கு வேறு. அது அழுத்தத்தில் திரவமாகிவிடுவதால் எடை போட்டு விற்கிறார்கள். ஒரு கிலோ சிஓடூவிலிருந்து சுமார் 540 லிட்டர் வாயு வரும். 10 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 5,400 லிட்டர். பட்டறைகளில் உள்ள 30 கிலோ சிலிண்டரில் 16,000 லிட்டருக்கு மேல்.

இப்போது உங்கள் வேலையை அளந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பட்டறையில் நின்றாலும், அளப்பதும் அறுப்பதும் கிரைண்டர் பிடிப்பதும் போக, உண்மையில் ஆர்க் எரியும் நேரம் அரைமணியைத் தாண்டுவதில்லை. நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று வைத்தால் அரைமணிக்கு 360 லிட்டர். அப்படியானால் 10 லிட்டர் ஆர்கான் சிலிண்டர் நான்கு ஞாயிறுகளுக்கு வரும். பெரிய சிலிண்டர் பத்தொன்பது ஞாயிறுகளுக்கு வரும். 10 கிலோ சிஓடூ பதினைந்து ஞாயிறுகளுக்கு வரும். சிறிய ஆர்கான் சிலிண்டர் வாங்கிய பலர், மாதம் ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு அலைவதில் சலித்து, ஓராண்டுக்குள் பெரியதற்கு மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நிரப்பும் கட்டணமும் போக்குவரத்துச் செலவும் சிலிண்டரின் அளவுக்கு ஏற்ப அதே விகிதத்தில் குறைவதில்லை. தரைத்தள வீடும் வாகனம் வாசல்வரை வரும் வசதியும் உள்ளவர் பெரியதையே எடுக்கலாம். மூன்றாம் மாடிக்காரர் அப்படி எடுக்கக்கூடாது. காலியாக இருக்கும்போதே 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றைப் படியில் ஏற்றுவது தூக்கும் இரண்டு பேருக்கும் ஆபத்தான வேலை.

கழுத்தில் இருப்பதைப் படியுங்கள்

இந்தியாவில் சிலிண்டர்களுக்கான சட்டம் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட எரிவாயு சிலிண்டர் விதிகள், 2016. இவற்றை நடைமுறைப்படுத்துவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) என்ற மத்திய அமைப்பு. வீட்டில் ஒன்றிரண்டு ஆர்கான் அல்லது சிஓடூ சிலிண்டர் வைத்துக்கொள்ள நீங்கள் உரிமம் எடுக்கவேண்டியதில்லை. ஆனால் நிரப்புகிறவருக்கு உரிமம் வேண்டும்; சோதனைக் காலம் முடிந்த சிலிண்டரை நிரப்பினால் சிக்கல் அவருக்கு. அவர் உங்கள் சிலிண்டரைச் சந்தேகத்தோடு பார்ப்பது அதனால்தான். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிலிண்டரின் தோள்பட்டையில் குத்தியிருக்கும் எழுத்துகளே அதன் ஜாதகம். தயாரித்தவரின் குறி, வரிசை எண், ஐஎஸ் 7285 என்ற தர எண், தண்ணீர்க் கொள்ளளவு, காலி எடை, வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், சோதனை செய்த மாதமும் ஆண்டும் என்று இவ்வளவும் அங்கே இருக்கும். வேலை அழுத்தம் 150 என்றால் சோதனை அழுத்தம் 250 என்று இருப்பது வழக்கம். சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பி அந்த அழுத்தத்துக்கு ஏற்றிப் பார்ப்பதைத்தான் ஹைட்ரோ டெஸ்ட் என்கிறார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்து, புதிய தேதியைப் பழைய தேதிகளுக்கு அருகில் குத்துவார்கள். பழைய சிலிண்டரை வாங்கும்போது கடைசித் தேதியிலிருந்து எத்தனை ஆண்டு மீதி இருக்கிறது என்று பாருங்கள். ஓராண்டுதான் மீதி என்றால் டெஸ்ட் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இன்னொன்றையும் அங்கே தேடவேண்டும்: நிறுவனத்தின் பெயர். பெரிய வாயு நிறுவனங்கள் தங்கள் சிலிண்டர்களை விற்பதைவிட டெபாசிட்டுக்கும் வாடகைக்கும் கொடுப்பதே வழக்கம், சிலிண்டர் அவர்களுடைய சொத்தாகவே இருக்கும். இந்தியன் ஆக்சிஜன் என்ற பெயரில் இயங்கி, பிறகு பிஓசி இந்தியாவாகி, 2013இல் லிண்டே இந்தியா என்று பெயர் மாறிய நிறுவனத்தின் பழைய முத்திரைகளைத் தாங்கிய சிலிண்டர்கள் இன்னும் புழக்கத்தில் உண்டு. அப்படி ஏதேனும் ஒரு நிறுவனத்தின் முத்திரை உள்ள சிலிண்டரை ஒருவர் தெருவோரத்தில் விற்றால், அவர் விற்பது அவருடைய பொருள்தானா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பதில் வழவழவென்று இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். ஆர்கானுக்கு மயில்நீலம், ஆக்சிஜனுக்குக் கருப்பு என்பது தர விதி. ஆனால் சிஓடூ சிலிண்டரும் கருப்பாகவே வரும், பழைய இரும்புக் கடைக்காரர் கையில் இருக்கும் வண்ணத்தையே அடித்தும் விடுவார். உடலில் எழுதியிருக்கும் வாயுவின் பெயரையும் வால்வின் மரையையும் சேர்த்துப் பாருங்கள். தீப்பிடிக்கும் வாயுக்களின் வால்வுகளுக்கு இடதுகை மரை, மற்றவற்றுக்கு வலதுகை மரை. தீயணைப்பானில் உள்ள சிஓடூ சிலிண்டரைச் சிலர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறார்கள்; அதற்குள் அடிவரை ஒரு குழாய் இறங்கியிருப்பதால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளியே வந்து, அழுத்தத்தைக் குறைத்து வாயுவை விடும் ரெகுலேட்டரை உறையவைக்கும்.

சென்னையில் எங்கே, என்ன கேட்பது

ரெகுலேட்டர், ஹோஸ், கையில் பிடித்துப் பற்றவைக்கும் டார்ச், டங்ஸ்டன், பற்றில் உருக்கிச் சேர்க்கும் பில்லர் ராடு போன்ற சாமான்களுக்குப் பாரிமுனைக்குப் பக்கத்தில் உள்ள லிங்கிச் செட்டித் தெருவும் செம்புதாஸ் தெருவும் போதும். ஒரு காலை வேளையில் நடந்தே நாலைந்து கடைகளில் விலை கேட்டுவிடலாம். வாயுவுக்குத் தொழிற்பேட்டைகளின் ஓரத்தைப் பிடிக்கவேண்டும். அம்பத்தூர், பாடி, கிண்டி, திருமுடிவாக்கம் போன்ற இடங்களில் பட்டறைகள் அடர்த்தியாக இருப்பதால் அவற்றுக்கு வாயு கொடுக்கும் டீலர்களும் அங்கேயே இருக்கிறார்கள். இணையத்தில் தேடுவதைவிட, உங்கள் தெருவில் கிரில் கேட் செய்யும் பட்டறைக்காரரிடம் "உங்களுக்கு யாருண்ணா கேஸ் போடுறாங்க?" என்று கேட்பது விரைவான வழி. அவர் சிலிண்டர் இறக்கும் நாளில் அந்த வண்டியே உங்கள் வாசலுக்கும் வர வாய்ப்பு உண்டு, வாடகையும் பாதியாகும்.

டீலரிடம் போனால் முதலில் அவர் கேட்கும் கேள்வி, "பார்ட்டி சிலிண்டரா, நம்ம சிலிண்டரா?" என்பதாக இருக்கும். பார்ட்டி சிலிண்டர் என்றால் உங்களுக்குச் சொந்தமானது. அதே சிலிண்டரை அனுப்பி, நிரப்பி, அதையே திருப்பி வாங்குவீர்கள், சில நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். நம்ம சிலிண்டர் என்றால் டீலருடையது. டெபாசிட் கட்டி எடுத்துச் சென்று, காலியானதும் கொடுத்துவிட்டு நிரம்பிய வேறொன்றை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம், ஹைட்ரோ டெஸ்ட் அவர் பொறுப்பு. புதியவருக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழியைத்தான். சிலிண்டரைச் சொந்தமாக வைத்திருப்பதில் ஒரு பெருமை இருக்கலாம். ஆனால் ஓராண்டு கழித்து இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம் என்று தோன்றினால் டெபாசிட் திரும்பிவரும், சொந்தச் சிலிண்டருக்கு வாங்குபவரைத் தேடவேண்டும். நாள் வாடகையோ மாத வாடகையோ உண்டா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தினசரி வாடகை என்றால், ஞாயிறு மட்டும் வேலை செய்கிறவர் சும்மா நிற்கும் ஆறு நாளுக்கும் பணம் கட்டிக்கொண்டிருப்பார். அப்போது சொந்தச் சிலிண்டரே லாபம்.

விலையைக் கேட்கும்போது "எவ்வளவு ஆகும்?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். டெபாசிட், வாயுவின் விலை, வரி, வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி ஆகியவற்றைத் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். டெபாசிட்டுக்கு ரசீதும், அந்த ரசீதில் சிலிண்டர் எண்ணும், எந்த நிலையில் எவ்வளவு திரும்பும் என்ற வரியும் இல்லாமல் பணம் கொடுக்கவேண்டாம். சொந்தமாக வாங்கினால் வரிசை எண் எழுதிய பில்லும் டெஸ்ட் சான்றிதழும் சேர்ந்து வரவேண்டும். இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் நம் வீடுகளில் காகிதம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

நிரம்பிய சிலிண்டரை இருசக்கர வாகனத்தில் கொண்டுசெல்வதை விதிகளே தடை செய்திருக்கின்றன. ஆக்டிவாவின் காலடியில் 10 லிட்டர் சிலிண்டர் கச்சிதமாக உட்காரும் என்பது உண்மைதான், ஒரு பள்ளத்தில் வண்டி சரிந்தால் வால்வு நேராகத் தார்ச்சாலையில் மோதும் என்பதும் உண்மைதான். வால்வு முறிந்தால் 150 பார் அழுத்தம் அந்தச் சிறிய துளை வழியாக வெளியேறும். சிலிண்டர் வாணம்போல் பாயும். குட்டி யானையில் நிற்கவைத்துக் கயிற்றால் கட்டி, வால்வுக்கு மேல் மூடியைத் திருகிக் கொண்டுவாருங்கள். காரில் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வழியில் எங்கும் நிறுத்தாமல் வீடு வந்து சேருங்கள். ஏசி போட்டு ஜன்னலை மூடிய காருக்குள் ஒரு சிறு கசிவு போதும், ஓட்டுநருக்குத் தலைசுற்றும்.

எங்கே நிறுத்துவது

ஆர்கான் காற்றைவிட ஒன்றேகால் மடங்குக்கும் மேல் கனமானது, சிஓடூ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் இரண்டுமே தரையோடு தங்கும், பள்ளத்தில் தேங்கும். ஆர்கானுக்கு மணமும் இல்லை, மூச்சுமுட்டும் உணர்வையும் அது தராது. ஆக்சிஜன் குறைவது தெரியாமலேயே மயக்கம் வந்துவிடும். ஆகவே ஜன்னலில்லாத ஸ்டோர் ரூம், ஏசி அறை, அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தள பார்க்கிங் ஆகியவை கூடாது. தரைமட்டத்தில் காற்று ஓடும் கார் ஷெட், பின்பக்கத் திண்ணை, தகரக் கொட்டகை போன்றவை ஏற்றவை.

சுவரில் கொக்கி அடித்து, சிலிண்டரின் மேல் மூன்றிலொரு பங்கு உயரத்தில் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். கத்திரி வெயில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிஓடூ விஷயத்தில் இது அறிவுரை அல்ல, கட்டாயம். 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிஓடூ திரவமாக இருக்கமுடியாது; அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் உள்ளே அழுத்தம் வேகமாக ஏறும், மிஞ்சினால் வால்விலுள்ள பாதுகாப்புத் தகடு வெடித்து மொத்த வாயுவும் வெளியேறிவிடும். வேளச்சேரி, முடிச்சூர் போலத் தண்ணீர் ஏறும் பகுதிகளில் இருப்பவர்கள் சிலிண்டரை ஒரு செங்கல் மேடையில் நிறுத்துவதோடு, மழை எச்சரிக்கை வந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். வெள்ளநீர் புகுந்த ரெகுலேட்டரைக் காயவைத்துப் பயன்படுத்த முயலவேண்டாம்.

ரெகுலேட்டரை மாட்டுதல்

ஆர்கான் ரெகுலேட்டரும் சிஓடூ ரெகுலேட்டரும் ஒன்றல்ல, மரையே வேறு. ஆர்கானுக்கு, சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் ஒரு மீட்டரும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் கண்ணாடிக் குழாயும் உள்ளதை வாங்குங்கள். உள்ளே மிதக்கும் சிறு உருண்டையைப் பார்த்து அளவை வைக்கும் வகை ஊசி மீட்டரைவிட நம்பகமானது. சிஓடூவுக்கு ஹீட்டர் உள்ள ரெகுலேட்டர் தேவை. அதிக அழுத்தத்திலிருந்து சட்டென்று விரியும்போது சிஓடூ கடுமையாகக் குளிரும். ஐந்து நிமிடம் தொடர்ந்து பற்றவைத்தால் நம் ஊர் வெயிலிலேயே ரெகுலேட்டரின் மேல் வெண்பனி படிந்து, உள்ளே உலர்பனி அடைத்து, வாயு விட்டுவிட்டு வரும். பல மிக் மெஷின்களின் பின்புறத்தில் இந்த ஹீட்டருக்கென்றே 36 வோல்ட் சாக்கெட் இருக்கும். ஹீட்டரின் வோல்ட்டும் சாக்கெட்டின் வோல்ட்டும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள்.

மாட்டுவதற்கு முன் வால்வின் வாய்க்கு எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, சிலிண்டர் சாவியால் வால்வைக் கால் சுற்றுத் திறந்து உடனே மூடுங்கள். "புஸ்" என்ற ஒரு சீற்றத்தோடு உள்ளே தங்கியிருக்கும் தூசியும் குளவிக் கூட்டின் மண்ணும் வெளியே வந்துவிடும். ஆர்கான் வால்வில் உலோகம் உலோகத்தோடு அமர்ந்து அடைத்துக்கொள்ளும், அதற்கு டெஃப்லான் டேப் சுற்றக்கூடாது. சிஓடூ வால்வில் இடையே ஒரு தட்டையான வாஷர் உண்டு. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு மூன்று புது வாஷர்களைக் கையில் வைத்திருங்கள், கசிவுகளில் பாதி இந்த ஒரு ரூபாய்ச் சாமானால் வருபவை. கிரீஸோ எண்ணெயோ எங்கும் தடவவேண்டாம். ரெகுலேட்டரின் திருகை முழுதும் தளர்த்திவிட்டு, பிறகு சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறக்கவேண்டும். வேலை முடியும்வரை சாவி வால்வின் மேலேயே இருக்கட்டும். அவசரத்தில் மூடவேண்டியிருந்தால் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு: இரவில் சிலிண்டர் வால்வை மூடி, ஹோஸில் உள்ள அழுத்தத்தை வெளியேற்றாமல் அப்படியே விட்டு, ஊசி நிற்கும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். காலையில் ஊசி கீழே இறங்கிக் கிடந்தால் எங்கோ கசிகிறது. என் முதல் சிலிண்டரில் பாதி இப்படித்தான், பற்றவைக்காமலே போனது. டார்ச்சுக்குப் போகும் ஹோஸில் கிளிப் இறுக்கமாக இல்லை.

எவ்வளவு விடுவது

மிக்கில் 0.8 மில்லிமீட்டர் கம்பிக்கு நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர், டிக்கில் 6 முதல் 10 லிட்டர் போதும். பற்றில் ஓட்டை விழுந்தால் புதியவர்கள் உடனே அளவைக் கூட்டுகிறார்கள். அளவு மிஞ்சினால் வாயு சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுத்து, ஓட்டைகள் இன்னும் கூடும். சென்னையில் உண்மையான எதிரி கடற்காற்று. பிற்பகலில் கிழக்கிலிருந்து அது கிளம்பிவிட்டால் மொட்டைமாடியில் 20 லிட்டர் விட்டாலும் பயன் இருக்காது. காலையில் வேலையை முடித்துவிடுங்கள், அல்லது ஒரு பழைய பிளைவுட்டைக் காற்று வரும் பக்கம் நிறுத்துங்கள். வியர்க்கிறதே என்று மின்விசிறியை நேராக வேலையின் மேல் திருப்புவதும் இதே கதைதான். விசிறி உங்கள் முதுகுக்குப் பின்னால், தரையைப் பார்த்து ஓடட்டும்.

மறுபடி நிரப்பும் நாள்

ஆர்கான் மீட்டர் பொய் சொல்லாது: 75 காட்டினால் பாதி இருக்கிறது. காலைக்கும் நண்பகலுக்கும் ஐந்தாறு பார் வேறுபடுவது வெப்பத்தால் வருவது, கசிவு அல்ல. சிஓடூ மீட்டர் அப்படியல்ல. உள்ளே திரவம் இருக்கும்வரை அது வெப்பநிலையை மட்டுமே காட்டும்: 20 டிகிரியில் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார், சிலிண்டர் முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும். ஊசி கீழே இறங்கத் தொடங்கும்போது கடைசிக் கொஞ்சம்தான் மீதி இருக்கும். எனவே சிஓடூ வைத்திருப்பவர் எடை பார்க்கவேண்டும். கழுத்தில் குத்தியிருக்கும் காலி எடையை, எடை மேடையில் வரும் எடையிலிருந்து கழித்தால் மீதமுள்ள வாயு தெரிந்துவிடும். டீலரிடம் நிரம்பியதை எடுக்கும்போதும் அங்கேயே எடை போட்டுப் பாருங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிடாதீர்கள். இரண்டு மூன்று பார் மீதி இருக்கும்போதே வால்வை இறுக்கி மூடிவிடுங்கள். முற்றிலும் காலியாகித் திறந்து கிடக்கும் சிலிண்டருக்குள் நம் ஊர் ஈரக்காற்று புகும். அந்த ஈரம் உள்சுவரைத் துருப்பிடிக்கவைத்து, அடுத்து நிரப்பும் வாயுவையும் கெடுக்கும். காலிச் சிலிண்டரில் சாக்பீஸால் "காலி" என்று எழுதிவைப்பது சிறு விஷயம். கொட்டகையில் இரண்டு சிலிண்டர் நிற்கும் நாளில் அது எவ்வளவு உதவும் என்று தெரியும்.

நிரப்பி வந்த வாயு சரியானதுதானா என்று நல்ல வேலையில் சோதித்துப் பார்க்காதீர்கள். டிக் வைத்திருப்பவர், தேய்த்துத் துடைத்த ஸ்டெயின்லெஸ் தகட்டில் ராடு சேர்க்காமல் ஆர்க்கை மூன்று நொடி ஓரிடத்தில் நிறுத்தி அணைத்துவிட்டு, டார்ச்சை நகர்த்தாமல் வாயு நிற்கும்வரை பிடித்திருங்கள். புள்ளி பளபளவென்று வெள்ளியாக இருந்து, டங்ஸ்டன் முனையும் பளிச்சென்று இருந்தால் ஆர்கான் நன்றாக இருக்கிறது. புள்ளி சாம்பல் பூத்து, முனை நீலமாகவோ கருப்பாகவோ மாறியிருந்தால் உடனே டீலரைக் குறைசொல்லக் கிளம்பவேண்டாம். முதலில் ஹோஸ் கிளிப், பிறகு டார்ச்சின் பின்மூடியிலுள்ள ரப்பர் வளையம், பிறகு காற்று, அதன்பின் உலோகத்தில் எண்ணெய்ப்பசை என்று வரிசையாகப் பாருங்கள். நண்பருடைய சிலிண்டரை அதே ரெகுலேட்டரில் மாட்டிப் பார்த்தும் அவருடையது நன்றாக எரிந்து உங்களுடையது மட்டும் கருகினால், அப்போது கெட்டது வாயுதான். சிலிண்டரில் மீதி அழுத்தம் இருக்கும்போதே, அந்தத் தகட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு டீலரிடம் போங்கள். காலியான சிலிண்டரைக் காட்டி வாயு கெட்டது என்று சொன்னால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.